தீவு, கண்டம், மிதக்கும் பனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் கடல் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமானால் அரை நாள் பயணம் போக வேண்டும். அதனாலேயோ என்னவோ, தீவு, கண்டம், துருவப் பனி பற்றிப் பள்ளிப் பிள்ளைகளும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் பெற்றோரும் கேட்கும் சந்தேகங்கள் ஊர் மாறினாலும் மாறுவதில்லை. கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

1. தீவுன்னா என்னங்க, ஒரே வரியில சொல்லுங்க.

நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த, நீர்மட்டத்துக்கு மேலே எப்போதும் தெரிகிற, கண்டத்தைவிடச் சிறிய நிலம். இதில் பலரும் தாண்டிப் போகும் சொல் "நிலம்". மண்ணோ பாறையோ மணலோ பவளமோ எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அது பூமியின் அடித்தளத்தோடு ஒட்டியிருக்க வேண்டும்.

2. தீவுக்கு அடியில தண்ணி இருக்குமா? கப்பல் மாதிரி மிதக்குதா?

இல்லை. இதைப் பெரியவர்களும் கேட்கிறார்கள், கேட்பதில் தவறே இல்லை. வரைபடத்தில் தீவு நீலத்தின் மேல் வைத்த பொட்டு மாதிரி இருப்பதால் வரும் குழப்பம் இது. உண்மையில் தீவு என்பது கடலடித் தரையிலிருந்து எழுந்து நிற்கும் ஒரு மேடு அல்லது மலையின் உச்சி. கடல்நீரை முழுக்க வடித்துவிட்டால் இலங்கை இந்தியாவோடு ஒட்டிய ஒரு மேட்டு நிலமாகவும், ஹவாய் பிரம்மாண்டமான எரிமலையாகவும் தெரியும்.

சுற்றிலும் கரும்பு நட்டுத் தண்ணீர் கட்டிய வயலின் நடுவே ஒரு கரட்டுப் பாறை நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாறையைச் சுற்றி நிற்கிறதே தவிர, அதன் அடியில் புகவில்லை. இந்தப் பதிலை மனத்தில் வைத்துக்கொண்டால் பனி பற்றிய கேள்விகளில் பாதி தானாகவே தீரும்.

3. ஆஸ்திரேலியாவைச் சுத்தியும் கடல்தானே? அதை மட்டும் ஏன் கண்டம்னு சொல்றாங்க?

முதல் காரணம் அளவு. ஆஸ்திரேலியா சுமார் 76.9 லட்சம் சதுர கி.மீ. அதற்கு அடுத்த இடத்தில் உள்ள கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம். இரண்டுக்கும் நடுவில் எந்த நிலப்பரப்பும் இல்லை. மூன்றரை மடங்கு இடைவெளி இருப்பதால் கோட்டை அங்கே கிழிப்பது எளிதாகப் போயிற்று. "இத்தனை சதுர கி.மீ.க்கு மேல் கண்டம்" என்று சட்டமாக எழுதிய எண் எதுவும் கிடையாது. தேர்வில் அப்படி ஒரு எண்ணைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது காரணம் பாறை. கண்டங்களின் மேலோடு சராசரியாக 35 முதல் 40 கி.மீ. தடிமன் கொண்டது. பெரும்பாலும் கிரானைட் வகைப் பாறை. கடலடி மேலோடு ஏறக்குறைய 7 கி.மீ.தான். அது பசால்ட் என்னும் எரிமலைப் பாறை. ஆஸ்திரேலியா தனக்கென்று பழமையான, தடித்த மேலோட்டுத் தொகுதி கொண்டது. கிரீன்லாந்தின் பாறையும் கண்டப் பாறைதான், ஆனால் அது வட அமெரிக்கத் தட்டின் ஒரு பகுதி (பூமியின் மேல் ஓடு பிரிந்திருக்கும் பெரும் துண்டுகளைத்தான் தட்டு என்கிறோம்). ஆகவே உலகின் மிகச் சிறிய கண்டம் ஆஸ்திரேலியா, மிகப் பெரிய தீவு கிரீன்லாந்து.

4. கண்டப் பாறை, கடல் பாறைன்னு சொல்றீங்க. நம்ம ஊர்ல நேர்ல பாக்க முடியுமா?

பார்க்க முடியும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம் இரண்டு மாவட்டங்களைவிடப் பொருத்தமான இடம் குறைவு. பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கம் அறுத்து அடுக்கியிருக்கும் வரியோடிய கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிர் சாம்பல், இளஞ்சிவப்பு நிறத்தில் தெரிவது ஃபெல்ட்ஸ்பார். கண்ணாடி உடைசல் மாதிரி மங்கலாக இருப்பது குவார்ட்ஸ். வெயிலில் திருப்பினால் மின்னும் கறுப்புச் செதில் மைக்கா. இதுதான் கண்டத்தின் உடம்பு. நம் பகுதிப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இன்றைய பெருங்கடல்களின் தரையில் 20 கோடி ஆண்டுக்கு மேல் பழைய பாறை கிடைப்பதே அரிது.

அதே குவாரிகளில் "கறுப்பு கிரானைட்" என்று விற்கும் கல் உண்மையில் கிரானைட் அல்ல, டோலரைட். பழைய பாறையின் விரிசலுக்குள் உருகிய குழம்பு ஏறி உறைந்த சுவர் அது. அதன் சேர்மானம் கடலடி பசால்ட்டுக்கு மிக நெருக்கமானது. இரண்டிலும் ஒரு கன அடி எடுத்து எடை போட்டால் வெளிர் கல் சுமார் 76 கிலோ, கறுப்புக் கல் சுமார் 85 கிலோ இருக்கும். கண்டம் உயர்ந்து நிற்பதற்கும் கடலடித் தரை தாழ்ந்து கிடப்பதற்கும் இந்த ஒன்பது கிலோ வித்தியாசம் பெரிய காரணம். லேசான, தடித்த பாறை அடியிலுள்ள கனமான பாறையின் மேல் உயரமாக நிற்கிறது. கனமான, மெல்லிய பாறை அமுங்கிக் கிடக்கிறது.

5. மேப்ல கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு இருக்கே. அப்ப அது கண்டம் ஆகாதா?

சுவரில் மாட்டும் பல வரைபடங்கள் மெர்கேட்டர் முறையில் வரைந்தவை. துருவத்தை நெருங்க நெருங்க நிலம் ஊதிப்போய்த் தெரியும். ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி சதுர கி.மீ., அதாவது கிரீன்லாந்தைப் போல் 14 மடங்கு. தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் கிரீன்லாந்துக்குள் பதினாறு, பதினேழு தமிழ்நாடு அடங்கும். சந்தேகம் இருந்தால் உலக உருண்டையின் மேல் மெல்லிய தாளை ஒட்டிக் கிரீன்லாந்தை வரைந்து வெட்டி, ஆப்பிரிக்காவின் மேல் வைத்துப் பாருங்கள்.

6. ஒகேனக்கல்ல ஆத்துக்கு நடுவுல இருக்கற திட்டும் தீவுதானா?

தீவுதான். நீர் என்றால் கடல்நீர்தான் என்று வரையறை சொல்லவில்லை. ஆற்று நடுவே உள்ளதை ஆற்றிடைக்குறை, அரங்கம், துருத்தி என்றெல்லாம் தமிழ் அழைத்திருக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருப்பதால்தான் திருவரங்கம். பிரம்மபுத்திராவில் உள்ள மாஜுலி இன்னொரு எடுத்துக்காட்டு.

ஒரு வித்தியாசம் உண்டு. ஒகேனக்கல்லில் காவிரியைப் பிரிப்பது உறுதியான பாறை. மாஜுலியோ ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல், ஒவ்வொரு வெள்ளத்திலும் கரைகிறது. இரண்டும் தீவு, ஆயுள்தான் வேறு.

7. மேட்டூர் அணையில தண்ணி இறங்கினா நந்தி தெரியுது, ஏறினா மறையுது. கடல்ல இப்படி இருந்தா அது தீவா?

அணைக்கரையிலுள்ள நாகமரைக்காரர்களுக்கு நன்றாகப் புரிகிற உதாரணம் இது. எதிர்க்கரைப் பண்ணவாடியில் நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது மட்டும், மூழ்கிய கோயிலின் நந்தி சிலை தலை காட்டும். கடலிலும் ஓதம் இறங்கும்போது தெரிந்து, ஏறும்போது மூழ்கும் மேடுகள் உண்டு. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, பிரிவு 121, தெளிவாகச் சொல்கிறது: இயற்கையாக உருவாகி, நீர் சூழ்ந்து, ஓதம் உச்சத்தில் இருக்கும்போதும் நீருக்கு மேலே தெரியும் நிலப்பகுதியே தீவு. மூழ்கி எழும் மேடு தீவு ஆகாது.

இது ஏட்டுச் சண்டை அல்ல. தீவுக்கு 200 கடல் மைல் வரை பொருளாதார மண்டல உரிமை, அதாவது கடல்வளங்களை எடுக்கும் உரிமை கிடைக்கும். மனிதர் வாழவோ சொந்தமாகப் பொருளாதாரம் நடத்தவோ முடியாத வெறும் பாறைக்கு அது கிடையாது, 12 கடல் மைல்தான். மணலைக் கொட்டி மேடாக்கினாலும் "இயற்கையாக உருவாகி" என்ற சொல் குறுக்கே நிற்கும். சீனாவுக்கு எதிராகப் பிலிப்பைன்ஸ் தொடுத்த தென்சீனக் கடல் வழக்கில் 2016-ல் வந்த நடுவர் தீர்ப்பின் ஒரு முக்கியப் பகுதி இந்தச் சொற்களைச் சுற்றித்தான்.

8. பனிப்பாறைன்னு பேர்லயே பாறை இருக்கே, உள்ள கல் இருக்குமா?

பெயர்தான் ஏமாற்றுகிறது. பனிப்பாறை என்பது உறைந்த நன்னீர். வழியில் வாரிய மண்ணும் கல்லும் சிலவற்றில் ஒட்டியிருக்கலாம், அவ்வளவுதான். தமிழில் வரும் செய்திகள் நாலைந்து வேறுவேறு பொருள்களை ஒரே "பனிப்பாறை"யில் அடைத்துவிடுவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. பிரித்துப் படியுங்கள். நிலத்தின் மேல் கண்டம் அளவுக்குப் படர்ந்து கிடப்பது பனிவிரிப்பு. அதிலிருந்தோ மலையிலிருந்தோ மெதுவாக வழிந்து இறங்குவது பனியாறு. பனி வழிந்து கடலுக்கு வந்தபின், கரையோடு ஒட்டியபடியே நீர்மேல் மிதப்பது பனித்தட்டு. அதிலிருந்தோ கடலைத் தொடும் பனியாற்றிலிருந்தோ உடைந்து தனியே போவது பனிப்பாறை. கடல்நீரே மேலாக உறைந்தால் கடற்பனி.

கடற்பனி மட்டும் இதில் பிறப்பிலேயே வேறு. உப்பு நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் உறையும்போது பெரும்பகுதி உப்பை வெளியே தள்ளிவிடும். தடிமனும் பெரும்பாலும் சில மீட்டர்தான். பனித்தட்டோ நூற்றுக்கணக்கான மீட்டர்.

9. வடதுருவம், தென்துருவம் ரெண்டும் பனிதானே? ஒண்ணு கண்டம், இன்னொண்ணு இல்லையா?

ஆமாம், நேர் எதிர். வடதுருவம் நிலம் சூழ்ந்த கடல். தென்துருவம் கடல் சூழ்ந்த நிலம். வடதுருவத்தில் நிற்பவருக்குக் காலடியில் சில மீட்டர் கடற்பனி, அதன் கீழே 4,000 மீட்டருக்கு மேல் தண்ணீர். 1958 ஆகஸ்டில் அமெரிக்க நீர்மூழ்கி நாட்டிலஸ் அந்தப் பனிக்கு அடியிலேயே துருவத்தைக் கடந்து போனது. அங்கே நிலம் இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. தென்துருவத்தில் தரைமட்டம் கடலைவிட 2,835 மீட்டர் உயரம். அதில் ஏறக்குறைய 2,700 மீட்டர் பனி, அதன் கீழே பாறை.

10. மிதக்கற பனியில பத்துல ஒன்பது பங்கு தண்ணிக்குள்ளன்னு சொல்றது நெஜமா?

நிஜம். பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 917 கிலோ, கடல்நீர் 1,025 கிலோ. வகுத்தால் 0.89 வரும். வழக்கமாக நடக்கும் பிழை: பத்தில் ஒன்பது என்பது கன அளவுக்குத்தான், உயரத்துக்கு அல்ல. மேலே கூம்பாகவும் கீழே அகலமாகவும் இருக்கும் பனிப்பாறை 30 மீட்டர் வெளியே தெரிந்தால் உள்ளே 270 மீட்டர் இருக்கும் என்று கணக்குப் போட்டால் தப்பாகும்.

11. சில பனிப்பாறை ஒரு மாவட்டத்தைவிடப் பெருசாம். அவ்ளோ பெருசா இருந்தும் ஏன் தீவு இல்ல?

பெரியதுதான். 2000-ல் அண்டார்டிகாவின் ராஸ் பனித்தட்டிலிருந்து உடைந்த பி-15 என்ற பனிப்பாறை சுமார் 11,000 சதுர கி.மீ. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்தாலே 9,640-தான். 2017-ல் லார்சன் சி பனித்தட்டிலிருந்து பிரிந்த ஏ-68 மட்டுமே 5,800. கிருஷ்ணகிரி மாவட்டம் 5,143.

ஆனாலும் இரண்டாம் பதிலைத் திரும்பப் பாருங்கள். இங்கே கேட்க வேண்டியது "எவ்வளவு பெரிசு" அல்ல, "அடியில் என்ன இருக்கிறது" என்பதுதான். பி-15-க்கு அடியில் கடல். அது நகர்ந்தது, துண்டுதுண்டாக உடைந்து கரைந்தது. 1986-ல் பிரிந்த ஏ-23ஏ முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெடெல் கடல் தரையில் தட்டி ஒரே இடத்தில் நின்றது. அப்போதும் அது தீவாகவில்லை. தரை தட்டிய கப்பலை ஊர் என்று யாரும் சொல்வதில்லை. பிறகு அது கிளம்பி நகர்ந்தும் போய்விட்டது. ஆர்க்டிக்கில் மிதந்த டி-3 என்ற தட்டையான பனிப்பாறையின் மேல் 1952 முதல் ஆய்வு நிலையமே நடந்தது, "பனித்தீவு" என்றே அழைத்தார்கள். அங்கே தீவு என்பது வெறும் பட்டப்பெயர்.

12. பனித்தட்டு கரையோட ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கு? அதை நிலம்னு கணக்குல எடுத்தா என்ன?

எடுத்துக் கட்டிடம் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டு அனுபவமே இருக்கிறது. இந்தியாவின் முதல் அண்டார்டிகா நிலையமான தட்சிண கங்கோத்ரி 1983-84-ல் பனித்தட்டின் மேல் அமைந்தது. மேலே பனி விழுந்து விழுந்து கட்டிடம் மெல்லப் புதைந்தது. 1989-90-ல் குடியிருப்பு நிலையமாக அதைக் கைவிட வேண்டியதாயிற்று. அடுத்த நிலையமான மைத்ரியை உள்நாட்டில் ஷிர்மாகர் என்ற பனியற்ற பாறைப் பகுதியில் எழுப்பினார்கள். மூன்றாவதான பாரதியும் 2012-ல் பாறை மேல்தான் வந்தது.

பனித்தட்டின் மேலேயே இருக்கத்தான் வேண்டும் என்றால் பிரிட்டனின் ஹாலி 6 நிலையம் மாதிரி கட்ட வேண்டும். அதன் அறைகள் ஏற்றி இறக்கும் கால்களில் நிற்கின்றன, கால்களின் அடியில் சறுக்குப் பலகை. விரிசல் ஒன்று நெருங்கியதும் 2016-17-ல் நிலையத்தையே 23 கி.மீ. உள்ளே இழுத்துப் போனார்கள். நிலத்தின் மேல் கட்டிய வீட்டுக்கு இந்தத் தேவை வராது.

13. மிதக்கற பனி உருகினா கடல் ஏறாது, கிரீன்லாந்து பனி உருகினா ஏறும்னு புக்ல இருக்கு. ரெண்டும் பனிதானே?

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து பார்ப்பது மேல். 7 செ.மீ. விட்டமுள்ள, பக்கம் நேராக நிற்கும் கண்ணாடிப் புட்டி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் புட்டியில் 300 மி.லி. தண்ணீர் ஊற்றி, 100 கிராம் பனிக்கட்டி போடுங்கள் (குளிர்பெட்டித் தட்டில் ஐந்தாறு கட்டி). இரண்டாவதில் நீருக்கு மேல் தலை நீட்டும்படி ஒரு கல்லை நிறுத்தி, அதன் தலையில் அதே 100 கிராம் பனியை வையுங்கள். இரண்டிலும் உடனே நீர்மட்டத்தைப் பேனாவால் குறியுங்கள். எல்லாம் உருகிய பிறகு பார்த்தால் முதல் புட்டியில் கோடு அப்படியே இருக்கும். இரண்டாவதில் இரண்டரை செ.மீ.க்குக் குறையாமல் ஏறியிருக்கும். மிதக்கும் பனி தன் எடைக்கு உரிய நீரை ஏற்கெனவே விலக்கிவிட்டது. கல்லின் மேல் உள்ளது இனிமேல்தான் நீரில் சேர்கிறது.

சோதனை கெடுவது மூன்று இடங்களில். முதல் புட்டியில் நீர் குறைந்து பனி அடியைத் தொட்டால் அது மிதக்கவில்லை, கணக்கு தவறும். இரண்டாவதில் பனி நீரைத் தொட்டிருந்தாலும் தவறும். புட்டியின் வெளியே வியர்க்கும் நீரைத் துடைக்காவிட்டால் கோடு அழியும். பார்வையை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துத்தான் படிக்க வேண்டும்.

கூர்மையான மாணவர் ஒருவர் "கடல் உப்பாச்சே" என்று கேட்பார். சரியான கேள்வி. லிட்டருக்கு 300 கிராம் உப்புக் கரைத்த நீரில் செய்தால் முதல் புட்டியிலும் 3, 4 மி.மீ. ஏறும். ஏனென்றால் உருகி வருவது லேசான நன்னீர். உண்மையான கடலில் லிட்டருக்கு 35 கிராம்தான் உப்பு, ஆகவே இந்த ஏற்றம் மிகச் சிறிது. கிரீன்லாந்துப் பனி முழுதும் உருகினால் உலகக் கடல் மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும், அண்டார்டிகா முழுதும் உருகினால் 58 மீட்டர். தருமபுரி 400 மீட்டருக்கு மேலே இருப்பதால் நம் வாசலுக்குக் கடல் வராது. கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் இருக்கிற நம் உறவுகளுக்கு முதல் ஒரு மீட்டரே பெரிய இழப்பு.

14. ஏரியில ஆகாயத்தாமரை திட்டாட்டம் ஒதுங்கி நிக்குது. மணிப்பூர்ல மிதக்கும் தீவு இருக்குன்னும் சொல்றாங்க.

லோக்டாக் ஏரியின் மிதவைகளை அங்கே "ஃபும்டி" என்கிறார்கள். செடி, வேர், மண், மக்கிய தழை எல்லாம் பின்னிப் பாய் போல மிதப்பவை. அதன் மேல் கெய்புல் லம்ஜாவ் தேசியப் பூங்காவே இருக்கிறது, மான்கள் மேய்கின்றன. ஆனாலும் 11-ஆம் பதிலில் சொன்ன அதே சோதனைதான்: அடியில் நீர். பேச்சில் தீவு, வரையறையில் இல்லை.

15. இலங்கை, அந்தமான், லட்சத்தீவு மூணும் தீவுதான். மூணும் ஒரே மாதிரியா?

மூன்றும் மூன்று விதம். இலங்கை கண்டத்தின் துண்டு. இடையில் உள்ள மணல் திட்டுகளில் கடல் பல இடங்களில் சில மீட்டர் ஆழம்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலம். அந்தமான், தட்டுகள் மோதி உயர்ந்த மலைத்தொடரின் நீருக்கு மேல் தெரியும் முகடு. லட்சத்தீவு, மூழ்கிய மேட்டின் மேல் பவளம் கட்டிய வளையம். சில மீட்டருக்கு மேல் உயரம் கிடையாது, அதனால் கடல் மட்ட உயர்வில் முதலில் அடிபடுவதும் அதுதான்.

16. ஐஸ்லாந்து பனி மேல நிக்கற நாடுங்களா?

இல்லை. எரிமலைப் பாறைத் தீவு. பனியாறுகள் அதன் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

17. ஐரோப்பாவும் ஆசியாவும் ஒட்டித்தான் இருக்கு, எதுக்கு ரெண்டு கண்டம்? சூயஸ் கால்வாய் வெட்டினதால ஆப்பிரிக்கா தீவாயிடுச்சா?

ஐரோப்பா தனிக் கண்டமாக இருப்பது வரலாற்று வழக்கம். யூரல் மலையையும் காக்கசஸ் மலையையும் எல்லையாக வைத்தார்கள். பாறையைக் கேட்டால் ஒரே யூரேசியா என்றுதான் சொல்லும். அதனால்தான் சில நாடுகளில் ஆறு கண்டம் என்று படிக்கிறார்கள். நம் பாடநூலில் ஏழு, தேர்வில் ஏழுதான் எழுத வேண்டும்.

1869-ல் திறந்த சூயஸ் கால்வாயின் இன்றைய ஆழம் 24 மீட்டர். கண்ட மேலோடு 35 கி.மீ. தடிமன். சுவரில் நகத்தால் கீறியதுபோல. செயற்கையாக வெட்டிய வாய்க்காலை வைத்துக் கண்டத்தையோ தீவையோ யாரும் பிரிப்பதில்லை.

18. எட்டாவது கண்டம் கண்டுபிடிச்சுட்டாங்கன்னு வந்துச்சே?

சீலாந்தியா. நியூசிலாந்தைச் சுற்றிக் கடலுக்கடியில் சுமார் 49 லட்சம் சதுர கி.மீ. பரப்பில் கண்ட வகைப் பாறை கிடக்கிறது. அதில் 94 விழுக்காடு மூழ்கியது. 2017-ல் ஆய்வாளர்கள் அதைக் கண்டமாக ஏற்கலாம் என்று விரிவாக வாதிட்டார்கள். நான்காம் பதிலின் பாறைக் கணக்கை மட்டும் பார்த்தால் அது கண்டம், கண்ணுக்குத் தெரிகிற நிலத்தைப் பார்த்தால் சில தீவுகள்.

19. அண்டார்டிகாவுல பனியை எடுத்துட்டா அது கண்டமா நிக்குமா, தீவுக்கூட்டமா போயிடுமா?

இந்தப் பக்கத்திலேயே நல்ல கேள்வி இதுதான். கிழக்குப் பாதி பெரிய, பழைய, தொடர்ச்சியான கண்டமாகவே நிற்கும். மேற்குப் பகுதியில் பாறைத்தளம் பல இடங்களில் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. பென்ட்லி பள்ளத்தில் சுமார் 2,500 மீட்டர் கீழே. பனியை எடுத்த அன்றே பார்த்தால் மேற்குப் பக்கம் கடல் புகுந்து தீவுக்கூட்டமாகத் தெரியும்.

ஆனால் அது அப்படியே நிற்காது. கயிற்றுக் கட்டிலில் மூட்டையை வைத்தால் தொய்கிறது, எடுத்தால் மெல்ல நிமிர்கிறது. பனியின் எடையும் பாறையை அப்படி அமுக்கியிருக்கிறது. ஏறத்தாழ மூன்றரை கி.மீ. பனி ஒரு கி.மீ. அமுக்கும். ஸ்காண்டிநேவியாவில் பனிவிரிப்பு மறைந்து பல ஆயிரம் ஆண்டுகள் ஆகியும், போத்னியா வளைகுடாக் கரை இன்றும் ஆண்டுக்கு ஒரு செ.மீ. நெருங்க உயர்கிறது. பின்லாந்தின் குவார்க்கன் பகுதியில் கடலிலிருந்து புதுத் தீவுகளே எழுகின்றன. அண்டார்டிகாவின் மேற்கும் இப்படி நிமிரும், முழுதும் அல்ல.

20. அறிவியல்காரங்களே பனியைத் தீவுன்னு நெனைச்சு ஏமாந்ததுண்டா?

உண்டு. 2021-ல் கிரீன்லாந்துக்கு வடக்கே ஒரு சிறு திட்டில் ஆய்வாளர்கள் இறங்கினார்கள். மேலே சேறும் சரளைக் கல்லும். உலகின் வடகோடித் தீவு என்று செய்தி பரவி, பெயர்கூட முன்மொழிந்தார்கள். மறு ஆண்டு அந்தப் பகுதியில் கடலாழத்தையும் பனியையும் அளந்து பார்த்தபோது, அது தரை தட்டி நின்ற பனிப்பாறை என்று தெரிந்தது. பனியாறு வழியில் வாரிக்கொண்டு வந்த மண்ணும் கல்லும் அதன் முதுகில் கிடந்தன. காலடியில் மண் இருந்தது, அந்த மண்ணுக்கு அடியில் பனி இருந்தது.